சென்றிக் குரக்கன்

ஓய்வூதியப் படிவத்தின் ஒன்பதாம் கேள்வி:
வெளியிட்ட இனங்களின் எண்ணிக்கை.
இரண்டு என்று எழுதியிருக்கிறேன்.
இரண்டும் கரடியனாற்றில், குளிர்ப்பெட்டிக்குள்
பத்திரமாக இருக்கின்றன.
ஒரு சேனையிலும் இல்லை.

மூன்றாவது ஒன்று உண்டு.

தொண்ணூற்றாறு, ஐப்பசி, வலையிறவுப் பாலம்.
சைக்கிள் கரியரில் நாற்பத்திரண்டு கடித உறைகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு தூயவழி, மேலே ஓர் இலக்கம்.
ஒன்றின் மணி மற்றதில் விழாமல்
ஆறு வருடம் காத்தவை.
இலக்கங்கள்தான் பிழையாய்ப் போயின.
பதினேழு என்றால் யார், முப்பத்தொன்று என்றால் எந்த இடம்
என்று கேட்டான் சென்றியில் நின்ற பொடியன்.
என்னிடம் சிங்களம் கொஞ்சம்,
அவனிடம் தமிழ் அதைவிடக் கொஞ்சம்.
ஓர் உறையைக் கவனமாகப் பிரித்து
உள்ளங்கையில் கொட்டி, ஊதி, மூக்கருகே கொண்டுபோய்
"குரக்கன்" என்றான்.
இரண்டு பாஷையிலும் அதற்கு அதே பெயர்.
மொனராகலைப் பக்கம் அவனுடைய அம்மாவும் சேனை வெட்டுகிறாவாம்.
சொல்லும்போது சிரித்தான்.
சிரித்துக்கொண்டே மிச்சம் நாற்பத்தொன்றையும் பிரித்து
ஒரே சொப்பின் பையில் கொட்டி
முடிச்சுப் போட்டுத் தந்தான்.
உறைகளை அவன் வைத்துக்கொண்டான்.

வவுணதீவு தாண்டும்வரை நான் அழவில்லை.

ஆயித்தியமலையில் தில்லையம்மா பையை அவிழ்த்துப் பார்த்தா.
"இதென்ன மிஸ், குடும்பத்தோட வந்திருக்கு?"
எறியுங்கோ என்றேன்.
அவ விதைச்சா.

குட்டை, நெட்டை, விரல் விரித்தது, முட்டி பிடித்தது,
எண்பது நாளில் பழுத்தது,
நூற்றிருபதிலும் பச்சையாய் நின்று அடம்பிடித்தது.
நெட்டைகளை மாரிக்காற்றுச் சாய்த்தது.
குட்டைகளுக்கு எரிபந்தம்.
நின்றதில் அவ விதை எடுத்தா.
எதை வைத்துத் தெரிகிறீங்கள் என்று கேட்டேன்.
"கொய்யக்குள்ள நாரி நோகாததை."
என் அளவுகோல்களில் நாரி இல்லை.

ஆறாம் விதைப்பில் மழை பொய்த்தது.
நிலையத்துப் பாத்திகளில் நான் வைக்கோலை நிறுத்துக்கொண்டிருக்க
தில்லையம்மா ஏழு மூடை கட்டினா.
நல்லரெத்தினம் வந்து சொன்னான். நம்பவில்லை.
தராசோடு திருப்பி அனுப்பினேன்.
ஏழுதான்.

கட்டுரை எழுதினேன், திரும்பி வந்தது.
பெற்றோர் அறியப்படாத இனம் என்று ஒற்றை வரிக் குறிப்பு.
செய்முறைப் பகுதியில் நான் எப்படி எழுதுவது,
கலந்தவன் பெயர் தெரியாது,
வயது இருபது இருக்கும் என்று?

இன்று உன்னிச்சையிலும் பாவற்கொடிச்சேனையிலும்
அதற்குச் சென்றிக் குரக்கன் என்று பெயர்.
சென்றி என்றால் என்னவென்று
பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியாது.
ஏதோ ஊராக்கும் என்று நினைக்கிறார்கள்.
நான் திருத்துவதில்லை.

போன கிழமை தில்லையம்மாவைச் சந்தையில் கண்டேன்.
சீனி வருத்தக்காரருக்குப் பக்கற் கட்டும் கொம்பனிக்கு
மூடையைக் கொடுத்துவிட்டு
அந்தக் காசில் பத்துக் கிலோ வெள்ளைப் பச்சை
வாங்கிக்கொண்டு நின்றா.
முப்பத்தொரு வருடக் கூட்டங்களில் நான் சொன்ன
கல்சியம், இரும்பு, நார்ச்சத்து எல்லாம்
வாய்வரைக்கும் வந்தன.
என் கூடைக்குள் கீரிச்சம்பா.
அவ கூடையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.
"பிட்டுக்குக் கொஞ்சம் வைச்சிருக்கன் மிஸ்,
உங்களுக்கும் தரட்டா?"

படிவத்துக்கு இன்னும் கையொப்பம் வைக்கவில்லை.
அந்த உறைகளை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.
நல்ல தாள், பழுப்பு நிறம், பசை காயாதது.
ஒன்றிலாவது அவன்
வீட்டுக்குக் கடிதம் போட்டிருப்பான்.
உறையின் மூலையில் எப்போதும்
ஒன்றிரண்டு மணி சிக்கிக்கொள்ளும்.
தட்டினாலும் போகாது.